பெட்டியில் ஒட்டிய பெயர்

என்னங்க,

வாழ்ந்த காலம் முழுவதும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை; ஒரு கடிதத்துக்காக அதை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இது நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் என்று தெரியும். படிக்கட்டும். அவர்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்காரர்கள் யாராவது இருந்தால், இது அவர்களுக்கும்தான்.

வீடு அப்படியே இருக்கிறது. கள்ளிக்குப்பத்தில் நம் எதிர் மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. காலை வெயில் இப்போது நம் வாசலுக்கு வருவதில்லை. குடிவந்திருக்கிற பிள்ளைகள் மதுரை, நெல்லை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். என் முழங்கால் நீங்கள் பார்த்ததைவிட மோசம். படி இறங்கும்போது கை தானாக உங்கள் தோளைத் தேடுகிறது. அதை விடுங்கள்.

நல்ல செய்தியாக இருந்தால் விளக்கேற்றும்போதே உங்கள் படத்திடம் சொல்லியிருப்பேன். இதை எழுதித்தான் சொல்ல முடியும். நம் பட்டறையிலிருந்து மல்லிகாவை அனுப்பிவிட்டோம். அவள் செய்யாத தப்புக்காக.

உங்களுக்கு அவளைத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பட்டறையில் வண்டிகளின் பிரேக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் செய்கிறோம். தகட்டை வெட்டி, பிரஸ்ஸில் வைத்து வளைக்கும்போது, சில துண்டுகளில் வளைவில் முடி போல விரிசல் விழும். அதைப் பார்த்து ஒதுக்குவது செக்கிங் மேஜைப் பெண்களின் வேலை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வரும் மல்லிகா அந்த மேஜையின் தலைப்பக்கம் உட்காருகிறவள்.

அவள் ஒன்றும் உத்தமி இல்லை. தாமதமாக வருவாள். வாய் நீளம். மடியில் செல்போனை வைத்துக்கொண்டு துண்டு பார்த்ததற்காக நீங்களே அவளைத் திட்டியிருக்கிறீர்கள். அவள் கண்ணிலும் விரிசல் தப்பியிருக்கிறது. அப்போதெல்லாம் பெட்டியைத் திரும்ப வாங்கி, அதில் ஒட்டிய சீட்டை அவளிடம் காட்டி, "இது யார் பேரு?" என்று கேட்பீர்கள். "என் பேருதான் சார்" என்பாள். அத்தோடு அந்தப் பேச்சு முடியும். அது நியாயமாக இருந்தது.

அந்தப் பெயர்ச் சீட்டு நீங்கள் ஆவடியிலிருந்து கொண்டுவந்த வழக்கம். நாம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், உங்கள் தொழிற்சாலையில் தேறிய ஒவ்வொரு பொருளிலும் பார்த்தவரின் எண்ணை முத்திரை குத்துவார்களாம். வேலையை விட்டு இந்த ஷெட்டைப் பிடித்தபோது, இங்கே எண் வேண்டாம் என்றீர்கள். "எண்ணுக்கு ரோஷம் வராது சரோ. பேருக்கு வரும்." அன்றிலிருந்து நம் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய சீட்டு. பார்த்தது என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில், துண்டைப் பார்த்தவள் தன் பெயரைத் தன் கையால் எழுதுவாள். எழுதத் தடுமாறியவர்களுக்கு அந்த ஒரு சொல்லை எழுத நான்தான் பழக்கினேன். கோணல் எழுத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

வாங்குகிற வண்டிக் கம்பெனிக்கும் அந்தச் சீட்டு பிடித்திருந்தது. மற்ற பட்டறைகளுக்கு நம் சீட்டைக் காட்டிப் பேசினார்கள் என்று நீங்கள் சொல்லி நான் பெருமைப்பட்டதுண்டு. நினைவிருக்கிறதா?

நீங்கள் போன அடுத்த வருடம் முரளி கேமராவை வாங்கினான். நம் மகனை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். செக்கிங்குக்குப் பெண்கள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கடைகளுக்கும் மால்களுக்கும் போய்விடுகிறார்கள். வண்டிக் கம்பெனியும் செயற்கை நுண்ணறிவு வைத்துச் சோதிக்கிற பட்டறைக்குத்தான் அடுத்த ஆர்டர் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டது. நீங்கள் இருந்தாலும் வாங்கியிருப்பீர்கள். புது மெஷினைக் கண்டால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கும் இயந்திரத்தின் மேல் பகை இல்லை. தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு உங்களுக்கு முன்னால் மாறியவள் நான். இப்போதும் மருந்துச் சீட்டில் புரியாதது இருந்தால் செல்போனில் இருக்கிற அந்த ஏ.ஐ.யைத்தான் கேட்கிறேன். மரியாதையாகப் பதில் சொல்கிறது. டாக்டரைவிடப் பொறுமை அதிகம்.

கேமராவுக்குப் பாடம் எடுத்தது மல்லிகாவும் மற்றப் பெண்களும்தான். நல்ல துண்டு இது, விரிசல் விழுந்தது இது என்று பல வாரம் ஒவ்வொன்றாக அதன் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காட்டினார்கள். அதற்கு மாப்ளை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குப் போனபோது ஏன் என்று கேட்டேன்.

"பின்ன இன்னா மேடம்? ஏசி ரூம்பு போட்டுக் குட்த்துக்கீறோம். கண்ணாடி கூண்டு கட்டிக்கீறோம். ஒண்ணும் செய்யாம முழிச்சிக்கினு கீது. இதுக்குப் பேரு மாப்ளை இல்லாம வேற இன்னா?" என்றாள் மல்லிகா.

அன்று பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, மாப்ளைக்கும் வைக்கப் போனாள். கேமராக் கம்பெனியிலிருந்து வந்திருந்த கறுப்புச் சட்டை இன்ஜினியர் அலறிவிட்டான். "அக்கா, லென்ஸ்ல பட்டுடப் போவுதுக்கா!" "பயப்படாத நைனா, நெத்தி எதுன்னு காட்டு, அங்க மட்டும் வெக்கிறேன்" என்றாள். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்கள் படத்துக்கு நேர் எதிரேதான் கேமராவின் திரை இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாப்ளை பாடம் படித்து முடித்ததும் மேஜை காலியானது. மற்றப் பெண்கள் கணக்கு முடித்துப் போனார்கள். மல்லிகாவை மட்டும் முரளி பேக்கிங்குக்கு மாற்றினான். பெட்டியை மடித்து டேப் ஒட்டுகிற வேலை. துண்டைத் தொட்டுப் பார்க்கிற வேலை அவளுக்கு அத்தோடு போயிற்று.

சீட்டு மட்டும் போகவில்லை. கம்பெனிக்குப் பிடித்த சீட்டை எடுப்பானேன் என்று முரளி நினைத்தான். கையால் எழுத ஆள் இல்லாததால் பிரின்டரே அடிக்கும்படி செய்தான். செக்கிங் என்ற இடத்தில் கம்ப்யூட்டரில் கடைசியாக இருந்த பெயர் மல்லிகா. அதை யாரும் மாற்றவில்லை. கேமரா பார்த்த பெட்டி ஒவ்வொன்றிலும், பார்த்தது மல்லிகா என்று அழகான எழுத்தில் அச்சாகி ஒட்டிக்கொண்டு போனது. அந்தச் சீட்டை ஒட்டியதும் அவள்தான். "மாப்ளை செய்யற வேலைக்கு என் பேரா? பரவால்ல, நல்ல பேருதானே வாங்கித் தர்றான்" என்று சிரித்தாளாம்.

மழைக் காலத்தில் துரு பிடிக்காமலிருக்கப் பூசும் எண்ணெயை மாற்றினார்கள். புது எண்ணெய் அதிகம் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பில் வளைவில் இருந்த விரிசல் கேமராவுக்குத் தெரியவில்லை. அதற்குக் காட்டிய துண்டுகள் எல்லாம் பழைய எண்ணெய் பூசியவை. விரிசலோடு பெட்டிகள் போயின. வண்டிக் கம்பெனியில் மாட்டுகிற இடத்தில் ஓர் ஊழியர் இறுக்கும்போது பிராக்கெட் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அங்கேயே வந்தது.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் வாசல் கேட்டைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் மல்லிகா. தலைகூடச் சரியாக வாராமல் நின்றாள். நான் கேட்டைத் திறக்கத் தாமதித்தேன் போலிருக்கிறது.

"இன்னா மேடம், உள்ள கூப்ட யோசிக்கிறீங்களா? நான் இன்னாத்தத் திருடிக்கினு பூட்டேன்?"

"என்ன பேச்சு இது? உள்ளே வா. பட்டறைக்குப் போகலையா?"

"தெரியாத மேரி கேக்குறீங்களே. உங்க புள்ள என்ன நிறுத்திட்டாரு. கவனமில்லாம செக் பண்ணேனாம். நான் எங்க மேடம் செக் பண்ணேன்? டேப்பு ஒட்டிக்கினு இருந்தேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. நின்றபடியே பேசினாள். வேலை போனதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. தொழிற்பேட்டையில் வேறு பட்டறையில் சேரலாம் என்று போயிருக்கிறாள். வண்டிக் கம்பெனி இந்த மாதிரிக் குறை வந்தால், மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று, தனக்குச் சாமான் செய்கிற எல்லாப் பட்டறைக்கும் ஒரு தாள் அனுப்பிச் சுவரில் ஒட்டச் சொல்லும். உடைந்த பிராக்கெட்டின் படம். பக்கத்தில் பெட்டியின் படம். பெட்டியில் சீட்டு. சீட்டில் அவள் பெயர். கீழே, சோதித்தவரின் அலட்சியம் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும்.

"போற எடத்துலல்லாம் செவுத்துல என் பேரு தொங்குது மேடம். கலர்ல போட்டுக்கீறாங்க. அந்த ஆபீஸ் பொண்ணு பேரக் கேக்குது, செவுத்தப் பாக்குது, என்னப் பாக்குது. அப்பால சொல்றோம்னு சொல்லுது. எம்பொண்ணு அந்தப் பக்கந்தான் வேலை தேடிக்கினு கீறா. மல்லிகா பொண்ணான்னு கேட்டா அவ இன்னா சொல்வா?"

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முரளி வந்ததும் சாப்பாடு போட்டேன். அவன் சாப்பிட ஆரம்பித்த பிறகு கேட்டேன்.

"மல்லிகாவை ஏன் நிறுத்தினே?"

"அது பெரிய கதைம்மா."

"எனக்கு நேரம் இருக்கு."

"கம்பெனிக்கு எழுதின பதில்ல அவள வேலைய விட்டு எடுத்துட்டோம்னு இருந்துச்சு. அவங்க நேர்ல வந்து பார்ப்பாங்க. வந்தப்ப அவ பேக்கிங்ல நின்னா என் நிலைமை என்ன? அதான் நிறுத்த வேண்டியதாப் போச்சு."

"எடுத்துட்டோம்னு ஏன் எழுதினே?"

"நான் எழுதலம்மா. அது எழுதிச்சு."

"எது?"

"ஏ.ஐ. தாம்மா. அவங்க கம்ப்ளெய்ன்ட்டையும் போட்டோவையும் உள்ள போட்டு, இதுக்கு ஒரு பதில் குடுன்னேன். சீட்டுல பேரு இருந்துது இல்ல? அந்தப் பேர வெச்சு எழுதிடுச்சு. அன்னிக்கே பதில் போகணும்னு கழுத்தப் பிடிச்சாங்க. படிச்சேன், நல்லா இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

"முழுசாப் படிச்சியா?"

"மேலாப்ல."

அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். உங்களுக்குத் தெரியும், இந்தப் பட்டறையிலிருந்து போன ஆங்கிலக் கடிதம் ஒவ்வொன்றையும் எழுதியவள் நான். கான்வென்ட்டில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைத்தார்கள். அந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. ஆழ்ந்த வருத்தம் சொல்ல வேண்டிய இடத்தில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. சோதனையாளர் மல்லிகா கவனக் குறைவாக இருந்தார், விசாரித்து அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், மற்றவர்களுக்கு மறுபயிற்சி கொடுத்துவிட்டோம் என்று தெளிவாக, பணிவாக, பத்தி பிரித்து எழுதியிருந்தது. விசாரணை நடக்கவில்லை. பயிற்சி நடக்கவில்லை. இதை அனுப்பிய அன்று காலைகூட மல்லிகா டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அனுப்பிய பிறகு நாம் அவளை நீக்கியிருக்கிறோம்.

என் ஆயுளில் நான் அவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய பொய்யைப் படித்ததில்லை. அதை எழுதிய ஏ.ஐ.க்கு மல்லிகா யாரென்று தெரியாது. அனுப்பியவன் படிக்கவில்லை. இதில் பொய் சொன்னது யார் என்று நீங்களாவது சொல்லுங்களேன்.

"முரளி, உண்மையை எழுது. கேமராதான் விட்டதுன்னு எழுது."

அவன் தட்டைத் தள்ளினான்.

"எழுதறேன். அடுத்து என்ன கேப்பாங்க தெரியுமா? கேமரா வெச்ச நாள்லேர்ந்து போன எல்லாத்தையும் திருப்பி எடுன்னுவாங்க. அத்தோட பட்டறைய மூடிட்டு வர வேண்டியதுதான். பிரஸ்ல நிக்கறவங்க, டூல் ரூம்ல இருக்கறவங்க எல்லாரும் தெருவுக்கு வரணும். ஒருத்திக்காகவா? அப்பாவா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு, சொல்லு."

"கேமராவை இப்ப சரி பண்ணியாச்சா?"

"புது எண்ணெய்க்கும் பாடம் எடுத்தாச்சு. ஷெட்ல இருந்ததையெல்லாம் கையால பார்த்தாச்சு."

"எண்ணெய் மாத்தின பிறகு வெளியே போன பெட்டிகள்?"

எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மல்லிகாவை நீக்கியதும் விரிசலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தபின் யார் தேடுவார்கள்? எந்தெந்த வண்டியின் பிரேக் குழாயை எந்தத் துண்டு பிடித்துக்கொண்டிருக்கிறதோ. வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையில் கல்லூரிப் பிள்ளைகள் வண்டியில் பறக்கும்போதெல்லாம், அதில் நம் துண்டு இருக்குமோ என்று பார்க்கிறேன்.

முரளியிடம் சொல்லிவிட்டே நான் எழுதினேன். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கில்லை. பங்குதாரர் என்ற முறையில், என் கையெழுத்தில், நம் பட்டறையின் கடிதத் தாளில் எழுதினேன். சோதித்தது கேமரா, மல்லிகா அல்ல. எண்ணெய் மாற்றிய பிறகு வந்த பெட்டிகளைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். சுவரிலிருக்கும் தாளில் அவள் பெயரை நீக்குங்கள். முன் கடிதத்தில் இருந்தது உண்மையில்லை என்றும் எழுதினேன். போனில் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். என் ஆங்கிலத்தில் தப்பு இல்லை.

"உன் இஷ்டம்" என்றான் முரளி. அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான்.

கம்பெனியிலிருந்து பதில் மின்னஞ்சலில் வந்தது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், யாரும் படிக்கவில்லை என்று தெரிந்திருக்கும். சில நாள் கழித்து வந்ததால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று நம்பிக்கையோடு திறந்தேன். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்கள் அக்கறையை மதிக்கிறோம் என்று ஆரம்பித்தது. உங்கள் நிறுவனம் எடுத்த நடவடிக்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டு, இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது, மேற்கொண்டு எதுவும் தேவையில்லை என்று முடிந்தது. அடியில் பெயர் இல்லை. அதே ஆங்கிலம். அதே பணிவு. அவர்களுடைய இயந்திரமும் நம்முடையதும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை போலிருக்கிறது.

போன் செய்தேன். ஒரு பெண் குரல் என் பெயர் சொல்லி வணக்கம் சொன்னது. அதுவும் பெண் இல்லை என்று கொஞ்சம் பேசியபின் புரிந்தது. "மனுஷர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள் என்றது. வேறு எப்படிக் கேட்பது?

மறுநாள் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். நீங்கள் போனதிலிருந்து ஆயுத பூஜைக்கு மட்டுமே போகிறவள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முரளியைக் கூப்பிட்டு, சீட்டை மாற்றச் சொன்னேன். பார்த்தது கேமரா. பொறுப்பு சரோஜா, பங்குதாரர். இரண்டு வரி. அவ்வளவுதான்.

அன்று அவன் வாயைத் திறந்தான். "கேமரான்னு போட்டா எவன்மா வாங்குவான்?"

"அதைத்தானே வாங்கச் சொன்னாங்க."

"சரி, பொறுப்புன்னு உன் பேரு எதுக்கு? என் பேரப் போட்டுத் தொலைக்கிறேன்."

"நீ மேலாப்ல படிக்கிறவன். என் பேரைப் போடு."

கோபத்தில் சொன்னேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிரின்டரில் சீட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. மனதுக்குள் ஒரு பெரிய காரியம் முடித்துவிட்ட நிறைவு. ஒரு சீட்டை மல்லிகாவிடம் காட்டவேண்டும் என்று ஆசை. ஒரு சுருளை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் அவள் பாத்திரம் கழுவுவதாகப் பட்டறையில் சொன்னார்கள். போனேன். பின்கட்டில், முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்தாள். சீட்டைக் காட்டினேன். ஈரக் கையால் தொடாமல், குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"நல்லா கீது மேடம்" என்றாள். "இனிமே போற பொட்டிக்கு உங்க பேரு. செவுத்துல கீறது யாரு பேரு?"

நான் கம்பெனிக்கு எழுதியதைச் சொன்னேன். பதில் வந்ததையும் சொன்னேன்.

"மாப்ளைக்கு மாப்ளை லெட்டர் போட்டுக்கினு கீறாங்க. நடுவுல நீங்க எதுக்குக் கெடந்து ஓடுறீங்க? வயசான காலத்துல ஊட்ல இருங்க மேடம்." உள்ளேயிருந்து யாரோ அவளைக் கத்திக் கூப்பிட்டார்கள். "தோ வர்றேன்" என்று திரும்பியவள், போகிற போக்கில் கேட்டாள்: "சார் இருந்தா அந்தச் செவுத்த அப்டியே வுட்டிருப்பாரா?"

உங்களைக் கேட்டாள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் விட்டிருப்பீர்களா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் வேலை செய்கிறவர்களை நினைத்து நீங்களும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இறந்தவர்கள் எப்போதும் சரியாகத்தான் நடந்திருப்பார்கள் என்று நினைப்பது உயிரோடிருக்கிறவர்களுக்கு வசதி. முரளிக்கும் வசதி, மல்லிகாவுக்கும் வசதி. எனக்கு அந்த வசதி வேண்டாம்.

நேற்று நம் பட்டறைக்கு இரண்டு ஷெட் தள்ளியிருக்கிற ரப்பர் பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே இருக்கிறது அந்தத் தாள். உடைந்த பிராக்கெட், பெட்டி, சீட்டு, மல்லிகா. அங்கே மேனேஜராக இருக்கிற பையன் எழுந்து நின்று நாற்காலி போட்டான். தாளை எடுக்கச் சொன்னேன்.

"கம்பெனி சொல்லாம எடுக்க முடியாது மேடம். ஆடிட்ல கேப்பாங்க."

"எடுக்க வேண்டாம்" என்றேன்.

கைப்பையைத் திறந்தேன். சுருளிலிருந்து ஒரு சீட்டைப் பிரித்தேன். மல்லிகாவின் பெயர் இருந்த இடத்தின் மேல், ஓரம் கோணாமல், அழுத்தி ஒட்டினேன். பார்த்தது கேமரா. பொறுப்பு சரோஜா, பங்குதாரர். கீழே இருந்த அலட்சியம் என்ற சொல்லை அப்படியே விட்டேன். அது இப்போது சரியான பெயருக்குக் கீழே இருக்கிறது.

"மேடம், இத நான் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றான் அந்தப் பையன். பாவம், அவனுக்கும் வேலை.

"தாராளமா சொல்லு தம்பி. போட்டோ எடுத்து அனுப்பு. யாராவது ஒரு மனுஷர் பார்க்கட்டும்."

எடுத்தான். நான் சுவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டேன், படத்தில் நானும் விழும்படி.

இன்று காலை முரளியின் அறையில் போன் விடாமல் அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். ஆர்டர் நிற்கலாம். பட்டறையே நிற்கலாம். பிரஸ்ஸில் நிற்கிறவர்கள் என் வாசலுக்கு வந்து, ஒருத்திக்காகவா என்று கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. பெட்டிகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லி ஒருவராவது கூப்பிட்டால், இந்த நஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும். கூப்பிடுவார்களா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தொழிற்பேட்டையில் அந்தத் தாள் தொங்குகிற சுவர்கள் எல்லாவற்றுக்கும் போவேன். ஆட்டோ போகிற இடத்துக்கு ஆட்டோவில், போகாத இடத்துக்கு இந்த முழங்காலோடு. மல்லிகாவின் மகள் வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவள் அம்மாவின் பெயர் சுவரில் இருக்காது. என் பெயர் இருக்கும். சரோ என்ற செல்லப் பெயரால் உங்களைத் தவிர யாரையும் நான் கூப்பிட விட்டதில்லை. முழுப் பெயரை ஊர் பார்க்கட்டும்.

சுருளில் இன்னும் நிறையச் சீட்டு இருக்கிறது. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். வரட்டுமா?

உங்கள் மனைவி,
பொறுப்பு: சரோஜா